மோவே–இபாஃபோ: ரசீதுகளின்மேல் எழுந்த புறநகர்

நைஜீரியாவில் லாகோஸிலிருந்து இபாதான் செல்லும் விரைவுச்சாலையில் பெர்ஜர் நிறுத்தத்தை விட்டு, ஓகுன் ஆற்றுச் சதுப்பின்மேல் போகும் நெடும்பாலத்தைக் கடந்தால் லாகோஸ் மாநிலம் முடிந்து ஓகுன் மாநிலம் வந்துவிடுகிறது. அங்கிருந்து ஷகாமு சந்திப்பை நோக்கிச் செல்லும் வழியில் வாரேவா, அரேப்போ, மாக்போரோ, இபாஃபோ, அசேசே, மோவே என்று அடுத்தடுத்து வரும் ஊர்களுக்கு இடையே ஒரு தலைமுறைக்கு முன்புவரை புதர்க்காடும் மரவள்ளித் தோட்டமும் இருந்தன. இப்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. இங்கே குடியிருப்போரில் பெரும்பகுதியினர் விடியுமுன் டான்ஃபோ வேனில் ஏறி லாகோஸுக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் திரும்புகிறவர்கள். அரசு மனை பிரித்துக் கொடுத்து உருவான நகரம் அல்ல இது. நிலக்குடும்பங்கள் விற்க, சம்பளக்காரர்கள் வாங்க, சாலையும் மின்சாரமும் பின்னால் வரும் என்ற நம்பிக்கையில் எழுந்தது.

இதே சாலையோரத்தில், மோவேயை ஒட்டியே, ஒரு கிறித்தவச் சபை தானே திட்டமிட்டு எழுப்பிய நகரம் ஒன்றும் இருக்கிறது. அதற்குள் தார்ச்சாலையும் தடையற்ற மின்சாரமும் உண்டு; அதன் எல்லைக்கு வெளியே ஒரு வடிகாலை ஒழுங்காக வெட்டுவதுகூடப் பெரும்பாடாக இருக்கிறது. பணம்தான் காரணம் என்பது எளிதில் சொல்லப்படும் விடை. நில உரிமை எத்தனை கைகளில் சிதறிக் கிடக்கிறது என்பதே அதைவிட வலுவான காரணம் என்பது இவ்வாய்வின் நிலைப்பாடு.

பின்னணி

மோவேயும் இபாஃபோவும் ஒபாஃபெமி ஓவோடே உள்ளாட்சிப் பகுதிக்குள் அடங்கியவை. அதன் தலைமையிடம் ஓவோடே. யொருபா மக்களில் எக்பா பிரிவினரின் மண் இது. 1830ஆம் ஆண்டளவில், உள்நாட்டுப் போர்களால் இடம்பெயர்ந்த எக்பாக்கள் அபேயோகுட்டாவில் ஒன்றுதிரண்டு குடியேறினார்கள். அதன்பின் சுற்றுவட்டாரத்தில் சாகுபடிக்காக அமைத்துக்கொண்ட சிற்றூர்கள் பல. ஒவ்வொன்றுக்கும் பாலே எனப்படும் ஊர்த்தலைவர் உண்டு. மோவேயிலிருந்து பிரியும் சாலையில் சற்று உள்ளே போனால் ஓஃபாடா வரும். தவிட்டுச் செம்மை நீங்காத, சற்றே புளித்த வாசனையுள்ள அரிசிக்குத் தன் பெயரைக் கொடுத்த ஊர் அது. பச்சை மிளகாய் அரைத்த அயாமாசே குழம்போடு இலையில் பொதிந்து லாகோஸ் விருந்துகளில் பரிமாறப்படும் ஓஃபாடா சோறு இன்று விலை கூடிய பண்டமாகிவிட்டது. அதே வட்டாரத்தில் நெல்வயல்கள் மனைகளாகிக்கொண்டிருப்பதை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்பகுதியின் தலையெழுத்தை மாற்றிய மூன்று முடிவுகள் இரண்டே ஆண்டு இடைவெளியில் எடுக்கப்பட்டவை. 1976 பிப்ரவரியில் பழைய மேற்கு மாநிலம் பிரிக்கப்பட்டு ஓகுன் மாநிலம் பிறந்தது. 1978இல் சுமார் 127 கிலோமீட்டர் நீளமுள்ள லாகோஸ்–இபாதான் விரைவுச்சாலை திறக்கப்பட்டது. அதே 1978 மார்ச்சில், அபேயோகுட்டாவைச் சேர்ந்தவரான ஒபாசாஞ்சோ தலைமையிலான இராணுவ அரசு நிலப் பயன்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலாவது, லாகோஸின் வாசலுக்கு வெளியே வேறொரு நிர்வாகத்தை வைத்தது. இரண்டாவது, அந்த வாசலைக் கிராமங்களுக்கு அருகே கொண்டுவந்தது. மூன்றாவது, அங்குள்ள மண் யாருடையது என்ற கேள்விக்கு ஒரே நேரத்தில் செல்லத்தக்க இரண்டு விடைகளை உண்டாக்கிவிட்டது.

லாகோஸில் வாடகை கொடுத்து மாளாதவர்களே இங்கு வந்தவர்களில் அதிகம். அங்கு வாடகை மாதக்கணக்கில் வாங்கப்படுவதில்லை; ஓராண்டு, ஈராண்டு வாடகையை மொத்தமாக முன்கூட்டியே வைக்க வேண்டும், அதன்மேல் தரகுக் கட்டணமும் ஒப்பந்தக் கட்டணமும் உண்டு. புதிதாகக் குடிவருபவரிடம் ஓராண்டுக்குமேல் முன்பணம் கேட்கக் கூடாதென்று லாகோஸ் மாநிலம் 2011இல் சட்டம் இயற்றிய பிறகும் வழக்கம் பெரிதாக மாறவில்லை. இரண்டு ஆண்டு வாடகைக்குக் கொடுக்கும் பணத்தில் இபாஃபோவில் அரை மனை வாங்கிவிடலாம் என்ற கணக்கு ஆசிரியருக்கும் வங்கிக் குமாஸ்தாவுக்கும் ஓய்வை நெருங்கும் அரசு ஊழியருக்கும் ஒரே மாதிரி தோன்றியதில் வியப்பில்லை. பத்திரிகையாளர்களும் அவர்களில் உண்டு: அரேப்போவில் பத்திரிகையாளர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது, ‘பஞ்ச்’ நாளிதழின் தலைமையகமே மாக்போரோவில்தான் இருக்கிறது.

நிலம் கைமாறும் விதம்

இங்கு ஒரு மனை என்பது 60 அடிக்கு 120 அடி, அதாவது 7,200 சதுர அடி. நம் கணக்கில் சரியாக மூன்று கிரவுண்டு. முழு மனை வாங்க இயலாதவர்கள் அரை மனை வாங்குகிறார்கள். அலுவலகக் கூட்டுறவுச் சங்கம் ஏக்கர் கணக்கில் வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும், அஜோ என்ற சீட்டுப் பணத்தை எடுத்து மனை வாங்குவதும் பரவலான வழக்கம். வங்கிக் கடன் என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. நைஜீரிய மத்திய வங்கியின் அடிப்படை வட்டியே 2024 இறுதியில் 27.5 விழுக்காட்டைத் தொட்ட நாட்டில் அது எழவும் முடியாது.

விற்பவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. யொருபா மரபில் நிலம் தனியாளுடையது அன்று, குடும்பத்துடையது. நிலம் ஒரு பெருங்குடும்பத்துக்கு உரியது, அதில் பலர் இறந்துவிட்டார்கள், சிலர் உயிரோடிருக்கிறார்கள், எண்ணற்றோர் இன்னும் பிறக்கவில்லை என்று 1912இல் மேற்கு ஆப்பிரிக்க நிலக் குழுவின்முன் நைஜீரியத் தலைவர் ஒருவர் கூறியதாக வழங்கும் கூற்றைச் சட்ட மாணவர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கூற்று அழகானதுதான், ஆனால் நிலம் வாங்க வந்தவருக்கு அதன் நடைமுறைப் பொருள் வேறு. குடும்பத் தலைவரும் கிளைத் தலைவர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் விற்பனை முழுமையாகச் செல்லும். தலைவர் மட்டும் தனியே விற்றால் அதை மற்றவர்கள் வழக்குத் தொடுத்து நீக்கலாம்; தலைவர் இல்லாமல் மற்றவர்கள் விற்றால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1959இல் எக்பெண்டு–எரிக்கா வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஆனால் ஒரு குடும்பத்தின் கிளைகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் இன்று மூத்தவர் யார் என்பதை லாகோஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து போகும் ஒருவர் எப்படி அறிவார்?

நிலப் பயன்பாட்டுச் சட்டம் இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததாகவே அறிவிக்கப்பட்டது. மாநிலத்திலுள்ள நிலம் முழுவதும் மக்கள் சார்பாக ஆளுநரின் பொறுப்பில் இருக்கும். குடிகளுக்குக் கிடைப்பது அனுபவ உரிமைச் சான்றிதழ். அந்த உரிமையைக் கைமாற்ற ஆளுநரின் இசைவு வேண்டும் என்றது அது. நாட்டின் அரசியலமைப்போடு பிணைக்கப்பட்டுவிட்டதால் அதை எளிதில் திருத்தவும் முடியாது. ஏட்டில் உரிமை ஆளுநருக்குப் போனது. களத்தில் விற்பனை குடும்பங்களிடமே இருந்தது. ஆகவே மோவேயில் மனை வாங்குபவர் குடும்பத்திடம் ஒரு முறை விலை கொடுக்கிறார். பின்னர் சான்றிதழ் வேண்டுமென்றால் அபேயோகுட்டாவில் ஓகே மோசான் தலைமைச் செயலக வளாகத்துக்கு அலைந்து இன்னொரு முறை கட்டணம் செலுத்துகிறார். இரண்டாவதைச் செய்யாதவர்களே அதிகம். அவர்கள் கையில் இருப்பவை குடும்பம் கொடுத்த ரசீது, வழக்கறிஞர் தயாரித்த கிரய ஒப்பந்தம், நில அளவையாளர் வரைந்த வரைபடம் ஆகியவைதாம். அந்த வரைபடத்தை அரசு அளவை அலுவலகத்தில் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கியவர், தம் மனை அரசு கையகப்படுத்திய பகுதிக்குள் கிடக்கிறது என்பதைச் சுவர் எழுப்பிய பின் அறிய நேரலாம்.

இந்த இடைவெளியில் வளர்ந்தவர்களே ஓமோ ஓனிலே எனப்படுவோர். நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் என்பது சொற்பொருள். நடைமுறையில் நிலக்குடும்பத்தின் பெயரால் வசூல் செய்யும் இளைஞர் கூட்டம். கடைக்கால் தோண்டினால் ஒரு கட்டணம், தளம் போட்டால் ஒன்று, கூரை ஏற்றினால் இன்னொன்று. கொடுக்காவிட்டால் கொத்தனார் துரத்தப்படுவார், மண்வெட்டியும் சட்டியும் பறிபோகும். ஒரே மனையை இருவருக்கோ மூவருக்கோ விற்பது இதைவிடக் கொடியது. அதனால்தான் இப்பகுதியில் நடப்பவர் கண்ணில், பாதி எழும்பிய சுவரிலும் குடியிருக்கும் வீட்டின் மதிலிலும், சிவப்பு வண்ணத்தில் கையால் எழுதிய ஒரே வாசகம் திரும்பத் திரும்பப் படுகிறது: இந்த வீடு விற்பனைக்கல்ல, 419 ஆசாமிகளிடம் எச்சரிக்கை. 419 என்பது மோசடியைக் குறிக்கும் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்.

இவர்களை வெறும் ரவுடிகளாக மட்டும் காண்பது பாதி உண்மைதான். தாத்தா விற்ற தோட்டத்தின் பணம் கரைந்துவிட்டது. அதே மண்ணின் விலையோ பன்மடங்கு ஏறிவிட்டது. வயலும் இல்லை, வேலையும் இல்லை. இழந்ததன் ஒரு பங்கைத் திரும்ப எடுப்பதாகவே அவர்கள் கருதுகிறார்கள். அடாவடியை இது நியாயப்படுத்தாது. அது ஏன் ஓயவில்லை என்பதை மட்டும் விளக்கும். வலுக்கட்டாய நில ஆக்கிரமிப்பைத் தடுக்க லாகோஸும் ஓகுனும் 2016இல் கடுமையான சட்டங்களை இயற்றின. உயிர்ச்சேதம் நேர்ந்தால் மரண தண்டனைவரை போக ஓகுன் சட்டம் இடமளித்தது. இருந்தும் அடித்தளக் கட்டணம் போன்ற வசூல்கள் மறையவில்லை. சட்டம் வன்முறையைத் தண்டிக்கிறது. வன்முறைக்கு இடமளிக்கும் உரிமைக் குழப்பமோ அப்படியே இருக்கிறது. அமோசுன் ஓகுனின் ஆளுநராக இருந்தபோது கொண்டுவந்த வீட்டுரிமையாளர் சாசனத் திட்டம், அனுமதியின்றிக் கட்டியவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் சான்றிதழும் கட்டட ஒப்புதலும் கொடுக்க முயன்றது. குழப்பத்தின் வேரை நோக்கிய முயற்சி என்ற வகையில், தண்டனைச் சட்டத்தைவிட இதுவே சரியான திசை.

தெருச் சங்கம் என்ற அரசாங்கம்

வீடு கட்டும் முறையும் இந்நிலையையே காட்டுகிறது. முதலில் மதில், பிறகு ஆழ்துளைக் கிணறு, பிறகு 9 அங்குல சிமெண்டுக் கல்லில் வெளிச்சுவர். லின்டல் மட்டம் வந்ததும் பணம் தீர்ந்து, அடுத்த சீட்டு எடுக்கும்வரை புல் முளைத்துக் கிடக்கும். கூரை ஏறி ஓர் அறைக்குக் கதவு பொருத்தியவுடன் குடிவந்துவிடுகிறார்கள், ஏனெனில் லாகோஸ் வாடகை அன்றோடு நின்றுவிடும். முன்பக்கம் பூச்சு இல்லாத சுவர், பக்கத்தில் இரும்புக் கால்களின்மேல் ஒரு பிளாஸ்டிக் நீர்த்தொட்டி, பின்பக்கம் ஒரு சிறு ஜெனரேட்டர். மிகச் சிறிய வகை ஜெனரேட்டருக்கு ‘ஐ பாஸ் மை நெய்பர்’ என்று பட்டப்பெயர். பக்கத்து வீட்டுக்காரனை மிஞ்சிவிட்டேன் என்று பொருள். எல்லா வீட்டிலும் அது இருக்கும் தெருவில் யார் யாரை மிஞ்சினார் என்பது வேறு விஷயம்.

வீட்டு வாசல்வரை ஒவ்வொருவரும் தனியாகச் சமாளிக்கிறார்கள். வாசலுக்கு அப்பால் தனியாக முடியாது. அங்கேதான் சமூக மேம்பாட்டுச் சங்கம் வருகிறது. சில தெருக்களின் வீட்டுக்காரர்கள் சேர்ந்து அமைத்து உள்ளாட்சியில் பதிவு செய்யும் இச்சங்கங்கள் யொருபா மாநிலங்கள் எங்கும் உண்டு. ஆனால் மோவே–இபாஃபோ போன்ற இடங்களில் அவற்றை அரசுக்குத் துணையாக அல்ல, அரசுக்கு மாற்றாகவே கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் பாதை உளையாகும்போது கருங்கல் சல்லி கொட்டுவது, தெரு முனையில் இரும்புக் கதவு போட்டு இரவில் பூட்டுவது, காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது எல்லாம் சங்கமே. புதிதாக வீடு கட்ட வருபவரும் சங்கத்துக்கு ஒரு தொகை செலுத்த வேண்டும். ஓமோ ஓனிலேயிடம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இது எரிச்சலூட்டினாலும், இங்கே கொடுத்தது எங்கே போனது என்று கூட்டத்தில் கேட்க முடியும்.

மின்சாரம்தான் இதில் மிகவும் கசப்பான அத்தியாயம். 2013 நவம்பரில் விநியோகம் தனியார்மயமானபின் இப்பகுதி இபாதான் மின்விநியோக நிறுவனத்தின்கீழ் வந்தது. ஆனால் புதிய தெருவுக்குக் கம்பமும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் வர வேண்டுமென்றால் குடியிருப்போர் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்துத் தாங்களே வாங்கி நிறுத்துவது நாடெங்கும் ஊறிப்போன வழக்கம். நிறுத்திய பின் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடுகிறது; அதன் வழியாக வரும் மின்சாரத்துக்குக் கட்டணம் வேறு. இப்படிச் செலவிடுபவர்கள் முன்கூட்டியே எழுத்துமூல ஒப்பந்தம் செய்துகொண்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இருட்டில் இருக்கும் தெரு ஒப்பந்தத்துக்காகக் காத்திருப்பதில்லை என்பதே அவ்விதியின் பலவீனம்.

மதிலுக்கு அப்பால்

இனி அந்த மற்ற நகரம். ரிடீம்டு கிறிஸ்டியன் சர்ச் ஆஃப் காட் என்ற சபை 1952இல் லாகோஸில் தொடங்கியது. 1981இல் தலைமைப் பொறுப்பேற்ற எனொக் அடேபோயேயின் காலத்தில், 1983இல், மோவேக்கு அப்பால் சாலையோரக் காட்டில் சில ஏக்கர் நிலம் வாங்கியது. அன்று அது ஆண்டுக்குச் சில முறை கூடும் ஜெபக்கூட்டத் திடல். இன்று ஆயிரக்கணக்கான ஏக்கரில் வீடுகள், பள்ளிகள், மருத்துவமனை, வங்கிகள், எரிவாயுவில் இயங்கும் 25 மெகாவாட் மின்நிலையம் ஆகியவற்றோடு, ரிடெம்ப்ஷன் சிட்டி என்ற பெயரில் ஊராகவே மாறிவிட்டது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இரவுக் கூட்டத்துக்கு லட்சக்கணக்கானோர் வருவதால் விரைவுச்சாலை திணறும்; அன்று மாலை மோவேக்காரர் வீடு திரும்புவது தனி அனுபவம்.

சபையிடம் பணம் இருக்கிறது, உண்மை. ஆனால் மோவே தெருக்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிணற்றுக்கும் ஜெனரேட்டருக்கும் மதிலுக்கும் தனித்தனியே கொட்டிய பணத்தைக் கூட்டினால் அதுவும் சிறிய தொகையாக இராது. வேறுபாடு அத்தொகையை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர முடிந்ததா என்பதில் இருக்கிறது. சபை பரந்த நிலத்தை ஒரே உரிமையாளராக வாங்கியது. ஆகவே சாலை எங்கே போக வேண்டும் என்று முதலில் கோடு கிழித்து, மிஞ்சியதில் வீடு கட்ட முடிந்தது. மோவேயில் அது தலைகீழாக நடந்தது: குடும்பம் மனை மனையாக விற்றது, விற்காமல் விட்ட சந்து சாலையானது. வடிகால் வெட்ட இறங்கினால், தண்ணீர் ஓட வேண்டிய தாழ்வான வழியில் யாரோ ஒருவரின் மனை இருக்கும், அவர் கையில் ரசீதும் இருக்கும்.

ஆனால் மதிலுக்குள் இருக்கும் ஒழுங்குக்கும் ஒரு விலை உண்டு. அங்கே குடியிருப்பவர் சபையின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர். நிர்வாகிகளை வாக்களித்து மாற்ற முடியாது. தெருச் சங்கத்தின் கூச்சலும் சண்டையும் நிறைந்த மாதக் கூட்டத்தில் தலைவரை இறக்க முடியும். இரண்டில் எது நகராட்சி என்ற சொல்லுக்கு நெருக்கமானது என்று கேட்டால், வடிகால் இல்லாவிட்டாலும், சங்கத்தையே சொல்ல வேண்டியிருக்கிறது.

கூடி வாழ்வோர்

இபாஃபோ பக்கம் மவுண்டன் ஆஃப் ஃபயர் சபையின் ஜெப நகரமும் 2015இல் உரிமம் பெற்ற அதன் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. 1995இல் தோன்றிய நஸ்ஃபாத் என்ற யொருபா முஸ்லிம் ஜெபச் சங்கமும் இதே நெடுஞ்சாலையைத் தன் பெருங்கூட்டங்களுக்குத் தேர்ந்தது. குடியேறியோரில் மற்ற யொருபாக்களோடு இக்போக்களும் நைஜர் கழிமுகத்து மக்களும் உண்டு. பாலத்தருகே காரா மாட்டுச் சந்தையில் வடக்கத்திய ஹௌசா, ஃபுலானி வணிகர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். பெரும்பாலும் அமைதியாகவே கழிகிறது. ஆயினும் 1999 ஜூலையில், இச்சாலை வழியில் மோவேக்கு அப்பாலுள்ள ஷகாமுவில், பெண்கள் வெளிவரக் கூடாத ஓரோ சடங்கு இரவையொட்டி ஒரு ஹௌசாப் பெண் கொல்லப்பட்டு, அது யொருபா–ஹௌசா மோதலாக வெடித்ததை இப்பகுதியின் மூத்தவர்கள் மறக்கவில்லை. ஊர்க்குடும்பங்களின் சடங்கு நாட்களும் வந்தேறிய குடிகளின் வேலை நேரமும் ஒரே தெருவில் சந்திக்கும்போது, பாலேயும் சங்கத் தலைவரும் முன்கூட்டிப் பேசிக்கொள்வது வெறும் மரியாதைக்காக அன்று.

ஆற்றையொட்டிய வாரேவா, அரேப்போ தாழ்நிலங்களுக்கு வேறொரு கவலை. 1983இல் முடிக்கப்பட்ட ஓயான் அணையிலிருந்து மழைக்கால இறுதியில் நீர் திறக்கப்பட்டால் ஓகுன் ஆறு கரைமீறும். 2010 அக்டோபரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடியிருப்புகள் மூழ்கி மக்கள் வெளியேற வேண்டியிருந்தது.

எங்கே வரி, எங்கே கணக்கு

நைஜீரியச் சட்டப்படி தனிநபர் வருமான வரி அவர் குடியிருக்கும் மாநிலத்துக்கே உரியது. லாகோஸில் வேலை செய்யும் மோவேக்காரரின் வரியோ வேலையிடத்திலேயே பிடிக்கப்பட்டு லாகோஸுக்குப் போய்விடுகிறது என்பது ஓகுன் அரசின் நீண்டகால மனக்குறை. குடியிருப்பவரிடம் கேட்டால், எந்த மாநிலம் எடுத்தாலும் என் தெருவுக்கு ஒன்றும் வரவில்லை என்பார். 2021இல் இரு ஆளுநர்களும் கூட்டு மேம்பாட்டு ஆணையம் அமைக்க உடன்பட்டனர். அதே ஆண்டு ஜூனில் திறக்கப்பட்ட லாகோஸ்–இபாதான் புதிய ரயில்பாதை அபேயோகுட்டா வழியாகச் செல்கிறது. விரைவுச்சாலையின் இந்தப் பட்டைக்கு அதனால் பயனில்லை. விரைவுச்சாலையோ, 2009இல் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டு, 2012இல் அது ரத்தாகி, 2013இல் மறுகட்டுமானம் தொடங்கிப் பத்தாண்டு இழுத்தது. 2023 மே மாதம் பெட்ரோல் மானியம் நிறுத்தப்பட்டதும் விலை சில நாட்களிலேயே இரு மடங்குக்கு மேல் ஏறியது. வாடகையை மிச்சப்படுத்த இங்கு வந்தவரின் கணக்கை டான்ஃபோ கட்டணம் தலைகீழாக்கியது.

கணக்கு என்று சொல்லும்போது இன்னொன்றும் இருக்கிறது. ஒபாஃபெமி ஓவோடேயின் அதிகாரபூர்வ மக்கள்தொகை இன்றும் 2006 கணக்கெடுப்பு காட்டிய சுமார் 2,29,000தான். அதன்பின் நைஜீரியாவில் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2023இல் திட்டமிட்டதும் தள்ளிப்போனது. கூட்டாட்சி வருவாய் பங்கீட்டில் மக்கள்தொகைக்கும் இடமுண்டு. உள்ளாட்சிகளுக்கான பணம் மாநில அரசுகளின் கையில் சிக்காமல் நேரடியாகச் செல்ல வேண்டுமென 2024 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அப்படியே நடைமுறைக்கு வந்தாலும், ஓவோடேக்கு வந்து சேரும் பங்கு நெல்வயலும் மரவள்ளியும் மிகுந்திருந்த காலத்து எண்ணை வைத்தே கணக்கிடப்படும். அதற்குப் பின் குடியேறியவர்களின் பெயர்கள் தெருச் சங்கங்களின் சந்தா நோட்டுகளில்தான் இருக்கின்றன.